ஒன்று நாற்பதுக்கு அடித்த மணி

இது நடந்தது. எனக்கே நடந்தது. யாரோ சொல்லிக் கேட்டதை ஒப்பிக்கவில்லை. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். பேட்டரி மெக்கானிக்காக முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவன். என் தொழிலில் காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது. விளக்கு எரியவில்லை என்றால் எங்கோ ஒரு வயர் விட்டிருக்கும். அவ்வளவுதான். 1976 நவம்பர் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் பெயர் ராஜதுரை. சொந்த ஊர் உடன்குடி. அப்போது வயது முப்பத்து மூன்று. திருநெல்வேலியில் ஒரு பேட்டரி கம்பெனி டிப்போவில் சர்வீஸ் மெக்கானிக். மழைக்காலம் வந்தால் எங்களுக்கு வீடு கிடையாது. அந்த மாதம் பதினோரு நாளாக நான் வீட்டுப் படி ஏறவில்லை. கயத்தாறு, நாகர்கோவில், சாகுபுரம் என்று பஸ்ஸிலேயே தூங்கி பஸ்ஸிலேயே விழித்தேன். சட்டையெல்லாம் ஆசிட் தெறித்து ஓட்டை. கண்ணை மூடினால் ரோடு ஓடிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போகலாம் என்று பையைக் கட்டின நேரத்தில் டிப்போவிலிருந்து டிரங்க்கால். தூத்துக்குடிக்குப் போ என்றார்கள்.

பழைய துறைமுகத்துக்கு வடக்கே, உப்புக் குவியல்களைத் தாண்டி, கடலை ஒட்டி ஒரு வயர்லெஸ் ஆபீஸ் இருந்தது. எந்த ஆபீஸ் என்று சொல்ல மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றும் ஊரில் இருக்கிறார்கள். கடலில் போகிற கப்பல்களோடு தந்தி மொழியில் பேசுகிற இடம் அது. ஆபரேட்டர் விரலால் ஒரு கீயைத் தட்டுவார். குட்டையாக ஒரு தட்டு, நீளமாக ஒரு தட்டு. அதுதான் பேச்சு.

கரண்ட் போனாலும் அந்தப் பேச்சு நிற்கக் கூடாது. அதற்காகப் பின்னறையில் பன்னிரண்டு பேட்டரி செல்கள். ஒவ்வொன்றும் அரை ஆள் உயரக் கண்ணாடி ஜாடி, உள்ளே ஆசிட். பேட்டரியில் சக்தி குறைந்தால் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். வாசலுக்கு மேலே இரும்புக் கூட்டுக்குள் இருக்கிற மின்சார மணி அடிக்கும். உடனே ஆபரேட்டர் பக்கத்துக் கொட்டகைக்குப் போய் ஆயில் என்ஜினைக் கிளப்பி பேட்டரியைச் சார்ஜ் போட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

ஆகஸ்டில் எங்கள் கம்பெனி அங்கே பழைய செல்களை எடுத்துவிட்டுப் புதிய செல்களை வைத்தது. அன்று ராத்திரியிலிருந்து மணி அடிக்கிறது. தினமும். பேட்டரியில் நிறைய சக்தி இருக்கும்போதே அடிக்கிறது.

"மூணு மாசமா எவனும் தூங்கல" என்றார் மேனேஜர். "சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணும். இல்லன்னா பன்னெண்டு செல்லையும் லாரியில ஏத்தி உம்ம கம்பெனிக்கே அனுப்பிடுவேன்."

செல்கள் திரும்பி வந்தால் என் வேலையும் போகும் என்று டிப்போவில் முன்பே சொல்லியிருந்தார்கள். அன்று புதன்கிழமை.

ஆபீஸ் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தேன். மணி அடித்த நேரமெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. 1.40. 1.40. 1.40. பக்கம் பக்கமாக அதே நேரம். எல்லா நாளும் ராத்திரி ஒன்று நாற்பதுக்கு ஆரம்பித்து ஒன்று ஐம்பத்தொன்றுக்கு நின்றிருக்கிறது. பதினோரு நிமிஷம். எல்லாம் ஒரே ஆள் கையெழுத்து.

"ராத்திரி டியூட்டி எப்பவும் இவர்தானா?" என்று வாட்ச்மேன் முப்பிடாதியிடம் கேட்டேன்.

"மூணு மாசமா அவருதான்யா. அவரே கேட்டு வாங்கிக்கிடுதாரு."

அது எனக்கு அப்போது பெரிதாகப் படவில்லை.

அவர் ஆறு மணிக்கு வந்தார். வளன் கொரைரா. ஐம்பத்து மூன்று வயது இருக்கும். வெள்ளை அரைக்கைச் சட்டை, கழுத்தில் செபமாலை. லேஞ்சிக் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். நான் பார்த்த மனிதர்களிலேயே அவ்வளவு களைத்துப்போன முகம் அவருடையதுதான். எனக்காவது பதினோரு நாள் தூக்கமில்லை. அவர் பல வருஷமாகத் தூங்காதவர் போல இருந்தார்.

அன்று மாலை முழுக்க வேலை பார்த்தேன். செல் முனைகளில் பூத்திருந்த உப்பைச் சோடாத் தண்ணீரில் கழுவி, கிரீஸ் தடவினேன். ஆசிட்டின் கனம் பார்க்கிற கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு ஜாடியிலும் விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டும் ஆயிரத்து இருநூறு. கொஞ்சமும் குறையவில்லை. மணிக்கு உத்தரவு கொடுக்கிற ரிலேயைக் கழற்றி, தேய்த்து, மாட்டினேன். பக்கத்தில் ஐஸ் பேக்டரி இருக்கிறது, அங்கே பெரிய மோட்டார் போடும்போது கரண்ட் இறங்குமோ என்று நினைத்தேன். முப்பிடாதி போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பேக்டரி ரிப்பேருக்காகப் பத்து நாளாக மூடிக் கிடக்கிறது.

பெஞ்சில் சாய்ந்தேன். எப்போது கண் அயர்ந்தேனோ.

மணி அடித்தது.

கைக்கடிகாரம் 1.40.

ஓடினேன். பலகையில் சிவப்பு விளக்கு எரியவில்லை. வோல்ட் மீட்டர் இருபத்தைந்தைக் காட்டியது. முழு சக்தி. ரிலேயைப் பார்த்தேன். திறந்தே இருந்தது. ரிலே மூடாமல் மணிக்குக் கரண்ட் போக வழியே இல்லை.

ஆனால் மணி அடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக் குழாயை முதல் ஜாடியில் விட்டேன். ஆயிரத்து நூற்று முப்பது. அடுத்தது, அதே. பன்னிரண்டும் அதே. ராத்திரி முழுக்க யாரோ கரண்டை உறிஞ்சித் தீர்த்த பேட்டரி மாதிரி. ஜாடியைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

1.51க்கு மணி நின்றது.

2.15க்கு மறுபடி குழாயை விட்டேன். ஆயிரத்து இருநூறு. ஜாடிகள் ஜில்லென்று இருந்தன.

வடிந்த பேட்டரி ஏறுவதற்குப் பத்து மணி நேரமாவது வேண்டும். அரைமணியில் ஏறாது. குழாய்தான் கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களைத்தவனுக்கு எந்தச் சமாதானமும் போதும்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா?" என்று வளனிடம் கேட்டேன். "கோளாறு பிடிபடுற வரைக்கும் மணி வயரைக் கழற்றி வச்சிடுவோம். எல்லாரும் நிம்மதியா இருக்கலாம்."

அதுவரை மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று எழுந்தார்.

"அதை மட்டும் தொடாதேயும். என் டியூட்டியில அந்த மணி வயர்ல யாரும் கை வைக்கக் கூடாது. கேட்டீரா?"



வியாழக்கிழமை பகல் முழுவதும் வயர்களைச் சோதித்தேன். உப்புக் காற்றில் எங்காவது உறை அரித்துக் கசிகிறதா என்று பார்த்தேன். ஒரு கசிவும் இல்லை. மத்தியானம் கடற்கரைக் கடையில் புரோட்டா சாப்பிடும்போது தட்டின் மேலேயே தலை சாய்ந்துவிட்டது. கடைக்காரர், "அண்ணாச்சி, வீட்டுக்குப் போங்க" என்றார். போகத்தான் ஆசை. என் மனைவி செண்பகம் இந்நேரம் பிள்ளையைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் ராத்திரி ஒரு முடிவோடு இருந்தேன். பேட்டரியையும் வயர்லெஸ் செட்டையும் இணைக்கிற பெரிய ஃபியூஸ் ஒன்று உண்டு. பீங்கான் கட்டையில் பதித்தது. ஒரு மணிக்கு அதைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊரில் கரண்ட் இருந்ததால் செட் அதிலேயே ஓடியது. இப்போது பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்க எதுவுமே இல்லை. கரண்ட் போவதையும் வருவதையும் காட்டுகிற மீட்டருக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முள் நடுவில் நின்றால் ஒன்றும் ஓடவில்லை என்று அர்த்தம். இடது பக்கம் சாய்ந்தால் பேட்டரி செலவாகிறது.

முள் நடுவில் நின்றது.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. முன்னறையில் வளன் இருமினார். 1.30. 1.35. 1.38...

மணி.

முள் இடது பக்கம் சாய்ந்தது.

நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. சில சமயம் தொட்டுவிட்டு உடனே திரும்பியது. சில சமயம் அங்கேயே நின்று திரும்பியது.

பிடுங்கிய ஃபியூஸ் என் பையில். கரண்ட் எங்கே போகிறது?

அப்போதுதான் நெஞ்சில் சுட்டது.

பையில் கைவிட்டேன். ஃபியூஸ் கொதித்தது. உள்ளங்கையில் வைத்திருக்க முடியவில்லை. கீழே போட்டேன். பீங்கான் உடைந்தது.

"சார்!" என்று கத்தினேன்.

வளன் வந்தார். மீட்டரைப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். முள் ஆட ஆட அவர் உதடு அசைந்தது. சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். தந்தி ஃபாரத்தின் பின்பக்கம் ஏதோ எழுத ஆரம்பித்தார். கண்ணை மீட்டரிலிருந்து எடுக்கவேயில்லை.

1.51. மணி நின்றது. முள்ளும் நின்றது.

"என்ன சார் அது? என்ன எழுதினீங்க?"

"ஒண்ணுமில்ல. லூஸ் காண்டாக்ட்." தாளை மடித்துப் பையில் வைத்தார்.

"ஃபியூஸே இல்ல சார். எங்க லூஸ் காண்டாக்ட்?"

அவர் திரும்பி நடந்தார். முன்னறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். விடியும் வரைக்கும் "அருள் நிறைந்த மரியே..." என்று முணுமுணுப்புக் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை நான் ஒரு வேலையும் செய்யவில்லை. உண்மையைச் சொல்கிறேன். எனக்குப் பயமாகவும் இருந்தது, சலிப்பாகவும் இருந்தது. சலிப்புதான் அதிகம். பதின்மூன்று நாள் ஆகிவிட்டது. காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணமே செத்துவிட்டது. மணி அடிக்கக் கூடாது, நான் ஊருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். ராத்திரி வளன் அசந்த நேரம் பார்த்து மணி வயரை உள்ளுக்குள் நறுக்கிவிட்டு, வெளியே தெரியாமல் டேப் சுற்றிவிட முடிவு செய்தேன். 'கோளாறு நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். மணி அடிக்காத வரையில் யாரும் எதையும் கேட்கப் போவதில்லை.

பொழுது சாய்ந்ததும் புது ஃபியூஸ் ஒன்று வாங்கி வந்தேன். மாட்டவில்லை. மேஜை மேல் வைத்தேன்.

1.05க்கு எழுந்தேன். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் போனேன். வயரைப் பிடித்தேன். பிளேயரின் வாய்க்குள் வைத்தேன்.

ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

வளன்.

அவர் கோபப்படவில்லை. என் கையிலிருந்து பிளேயரை மெதுவாக வாங்கிக்கொண்டார். ஸ்டூலைக் காட்டினார். நான் உட்கார்ந்தேன். அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இதே வேலையை நானும் பண்ணினேன், ராஜதுரை" என்றார். "எட்டு வருஷத்துக்கு முன்ன."



"அப்பவும் இதே மணிதான். ஈரக் காத்து பட்டா சும்மாவே அடிக்கும். பகல்ல பத்து தரம். ஐப்பசி மாசம். என் மக இசபெல்லாவுக்கு டைபாய்டு. நாலு ராத்திரி நான் கண்ணை மூடல. அன்னைக்குப் பகல் டியூட்டி எனக்கு. மூணு தரம் அடிச்சது. ஓடி ஓடிப் போய்ப் பாத்தேன், ஒண்ணுமில்ல. நாலாவது தரம் மணியை நிறுத்திட்டேன். சாயங்காலம் சரி பண்ணிட்டுப் போவோம்னு நெனச்சேன்."

"மறந்துட்டீங்களா?"

அவர் பிளேயரைத் தரையில் வைத்தார்.

"மறந்திருந்தா நல்லா இருந்திருக்கும். ஞாபகம் வந்துச்சு. வீட்டுல பாய்ல படுத்தபிறகு வந்துச்சு. ஒரு ராத்திரிதானேன்னு திரும்பிப் படுத்துட்டேன்."

அன்று ராத்திரி புயல் வந்ததாம். ஒன்பது மணிக்கே ஊரில் கரண்ட் போய்விட்டது. டியூட்டியில் இருந்தவர் தேவமணி. வளனுக்கு நெருங்கிய சினேகிதர். பேட்டரியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு சின்னச் சரக்குக் கப்பல், ஒன்பது பேர். துறைமுக விளக்கு அணைந்துவிட்டது, எந்தப் பக்கம் வருவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தேவமணி வழி சொல்லிக்கொண்டே இருந்தார். பேட்டரி வடிந்துகொண்டே வந்தது. பின்னறைச் சிவப்பு விளக்கு முன்னறையில் இருந்தவர் கண்ணில் படவில்லை. அடிக்க வேண்டிய மணியும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அரைமணி நேரத்துக்கு முன்பே என்ஜினைக் கிளப்பியிருப்பார்.

"ஒண்ணு நாப்பதுக்குப் பாதி வார்த்தையில செட்டு செத்துப்போச்சு. லாக் புக்குல அதுதான் கடைசி நேரம். என்ஜினைப் போடலாம்னு கொட்டகைக்கு ஓடியிருக்கான். அலை கொட்டகையையே எடுத்துட்டுப் போயிட்டு. உடம்புகூடக் கிடைக்கல. கப்பல் கடலுக்குள்ள முத்துச்சிப்பிப் பார்ப் பாறை மேல ஏறி உடைஞ்சுது. ஒம்பது பேரும் போயிட்டாங்க."

"விசாரணை?"

"புயல் மேல போட்டு முடிச்சாங்க. யாரும் என்னைக் கேக்கல. தேவமணி சம்சாரம் ஜெயசெல்வி, மார்க்கெட்ல என்னைப் பாக்கும்போதெல்லாம், அண்ணே, அவருக்கு உங்கள மாதிரி சினேகிதம் கிடையாதுன்னு சொல்லுவா. எட்டு வருஷமா சொல்லுதா."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார்.

"தந்தி தட்டுறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு கை உண்டு, ராஜதுரை. குரல் மாதிரி. ஆளைப் பாக்காமலே அடையாளம் தெரியும். நேத்து அந்த முள்ளுல ஆடினது தேவமணி கை."



"என்ன... என்ன சொன்னாரு?"

தாளை விரித்தார். இங்கிலீஷில் ஒரே வரியைப் பதினோரு நிமிஷமும் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். படித்துச் சொன்னார்.

"பேட்டரி தீர்ந்துவிட்டது. மணி அடிக்கவில்லை. ஏன்?"

வெளியே காற்று நின்றிருந்தது. கடல் இருக்கிற சத்தமே இல்லை.

1.31.

வளன் எழுந்தார். முகத்தைக் கழுவிவிட்டு வந்தார். கீயின் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செட்டுக்கு வருகிற மெயின் சுவிட்சையும் அணைத்தார். ஊர்க் கரண்டும் இல்லை. பேட்டரிப் பக்கம் ஃபியூஸும் இல்லை. அந்த கீ இப்போது வெறும் பித்தளைத் துண்டு.

"கதவைத் திறந்து வையும். நீரு மீட்டரைப் பாரும்" என்றார்.

பார்த்தேன்.

1.38.

1.39.

மணி அடித்தது...

முள் சாய்ந்தது. நிமிர்ந்தது. குட்டை, நீளம், குட்டை, குட்டை... நேற்று போலவே. ஜாடிகளுக்குள் ஆசிட் மெல்லக் கொப்பளிக்கும் சத்தம். மேஜை மேல் இருந்த புது ஃபியூஸ் டிக், டிக் என்று விரிசல் விடுவது போல ஒலித்தது.

அந்தக் கேள்வியை முள் ஒரு முறை முழுதும் கேட்டு முடித்தது.

முள் நடுவில் நின்றது.

காத்திருந்தது.

ஆமாம். காத்திருந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

வளன் கீயைத் தட்டினார்.

செத்த கீ.

ஒவ்வொரு தட்டுக்கும் முள் சாய்ந்தது.

அவர் தட்டியது நீளமாக இல்லை. இரண்டே வார்த்தை, பிறகு ஒரு பெயர். முடித்துவிட்டுக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

முள் அசையவில்லை.



பிறகு...

குட்டை.

நீளம்.

குட்டை.

மணி நின்றது.

கடிகாரத்தைப் பார்த்தேன். 1.46. மூன்று மாதத்தில் ஐந்து நிமிஷம் முன்னதாக நின்றது அன்றுதான்.

எழுந்து முன்னறைக்குப் போனேன்.

"அண்ணாச்சி... நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் நிறுத்தினேன். வளன்."

"அவர்?"

"சேதி கிடைச்சதுன்னு சொன்னான்."

"மன்னிச்சிட்டாரா?"

வளன் லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அதைச் சொல்லல. கிடைச்சதுன்னு மட்டும்தான் சொன்னான்."

ரிஜிஸ்டரை எடுத்து எழுதினார். 1.40, மணி அடித்தது. 1.46, நின்றது. காரணம் என்ற கட்டத்தை மூன்று மாதமாகக் காலியாகவே விட்டிருந்தார். அன்று அதில் 'ஆபரேட்டர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மேஜையில் தலையைச் சாய்த்தார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை வந்தது. நான் விடியும் வரை அவரை எழுப்பவில்லை.

சனிக்கிழமை ராத்திரியும் இருந்து பார்த்தேன். மணி அடிக்கவில்லை. மேனேஜர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். என்ன கோளாறு என்று கேட்டதற்கு ரிலே என்று சொன்னேன். ஞாயிறு காலை 5.10 பஸ்ஸில் ஊருக்குப் போனேன். இரண்டு நாள் தூங்கினேன். செண்பகத்திடம்கூட அப்போது சொல்லவில்லை.

பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வளன் நேராக ஜெயசெல்வி வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அந்தம்மா முழுதும் கேட்டாளாம். கதவைச் சாத்திக்கொண்டாளாம். மறுநாள் ஆபீஸில் அதையே எழுதிக் கொடுத்தார். வேலை போயிற்று. 1978 தையில் தூக்கத்திலேயே இறந்தார் என்று கேள்விப்பட்டேன்.

1979இல் அந்த ஆபீஸைப் புது இடத்துக்கு மாற்றினார்கள். செல்களைக் கழற்ற என்னைத்தான் அனுப்பினார்கள். முப்பிடாதி இருந்தான், தலை முழுக்க நரைத்திருந்தது. பட்டப்பகல், பதினோரு மணி. ஜாடிகளை லாரியில் ஏற்றிய பிறகு, வாசலுக்கு மேலே இருந்த மணியையும் இறக்கச் சொன்னார்கள். ஏணி போட்டேன். முப்பிடாதி கீழே பிடித்துக்கொண்டான்.

அந்த மூன்று நாளில் நான் எல்லாவற்றையும் திறந்து பார்த்திருக்கிறேன். அந்த இரும்புக் கூட்டை மட்டும் திறக்கவில்லை. அடிக்காத மணியைத் திறந்து பார்க்கலாம். அடிக்கிற மணியை யார் திறப்பார்கள்?

நான்கு போல்ட்டும் துருவேறி இறுகிக் கிடந்தன. பல வருஷம் யாரும் தொடவில்லை. உளி வைத்துத்தான் உடைத்தேன். மூடி வந்தது.

உள்ளே வெண்கலக் கிண்ணம் இருந்தது. கம்பி சுற்றின காயில் இருந்தது. கிண்ணத்தில் அடிக்கிற சுத்தியல் இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குளவிக்கூடு. காய்ந்து கல்லாகியிருந்தது. காயிலையும் கிண்ணத்தையும் சேர்த்துப் பூசினாற்போல, ஒரு கீறல்கூட இல்லாமல்.

"முப்பிடாதி" என்றேன். "இதுல சுத்தியலே இல்லியே."

அவன் அண்ணாந்து பார்க்கவில்லை. ஏணியை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அது வளன் சார் பையில இருந்துச்சுய்யா. புயல் அன்னைக்குப் பகல்ல கழத்தி வீட்டுக்குக் கொண்டு போயிட்டாரு. மறுநா விடியுமுன்ன அதை மாட்டத்தான் கையில எடுத்துட்டு ஓடி வந்தாரு. தேவமணி சார் இல்லன்னு நான் சொன்னேன். அங்கனயே நின்னு கடலைப் பாத்து வீசிட்டாரு. பொறவு யாரும் மாட்டல."

"அப்ப அந்த மூணு மாசமும் அடிச்சது?"



"தெரியும்யா. சுத்தியல் இல்லாமதான் அடிக்குதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். ராத்திரி ஒண்ணு நாப்பதுக்கு அடிக்க ஆரம்பிக்கும். அவரு உள்ள இருப்பாரு, நான் வெளிய இருப்பேன். ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க மாட்டோம்."